மறு: ‘குவிவு நிகழ்வெண் வளைவரை’க்கு மாற்றுச் சொல்

> ‘குவிவு’ பாடநூலில் ஊன்றிவிட்டது. அதை இப்போது ஏன் மாற்ற வேண்டும்?

வணக்கம் ஐயா,

ஒவ்வொரு பிரிவின் நிகழ்வெண்ணையும் (எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை) முந்தியவற்றோடு கூட்டிக்கொண்டே போய் வரையும் கோட்டைத்தான் (cumulative frequency curve) குவிவு நிகழ்வெண் வளைவரை என்கிறோம். ஆனால் கணிதத்திலேயே ‘குவிவு’க்கு வேறொரு வேலை இருக்கிறது. குழிவுக்கு எதிரானதைக் குவிவு என்கிறோம். குவிலென்ஸ் அந்த வழியில் வந்ததுதான். நாம் பேசும் வளைவரையோ பெரும்பாலும் எஸ் எழுத்தைச் சாய்த்து இழுத்ததுபோல் இருக்கும். ஒரு பாதி குழிந்தும் மறுபாதி குவிந்தும் வரும். பெயரைப் பார்த்து முழுக்கக் குவிந்த கோட்டை வரையும் மாணவரை எப்படிக் குறை சொல்வது?

இலங்கைப் பாடநூல்களில் இது ‘திரள் மீடிறன் வளையி’. அவர்கள் மீடிறன் என்பதற்கு நமக்கு நிகழ்வெண் பழகிவிட்டது, அது இருக்கட்டும். ‘திரள்’ மட்டும் வாங்கிக்கொள்வோம். வெண்ணெய் திரள்வதுபோல் சிறிது சிறிதாகச் சேர்வது என்ற பொருள் அதில் தானாகவே வருகிறது.

ஒரு கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 50 மதிப்பெண் தேர்வு, 40 பேர். மதிப்பெண்ணைப் பத்துப் பத்தாகப் பிரித்தால் 3, 7, 14, 11, 5 பேர். திரள் நிகழ்வெண் 3, 10, 24, 35, 40. திரண்டது குறையாது, அதனால் கோடும் கீழே இறங்காது. பாதியான 20 பேர் என்ற உயரத்தில் கிடைக்கோடு இழுத்து, வளைவரையைத் தொட்ட இடத்திலிருந்து நேர்கீழே வந்தால் இடைநிலை (பாதிப் பேரைப் பிரிக்கும் மதிப்பெண்) சுமார் 27. அதேபோல் 10, 30 என்ற உயரங்களில் கால்மானங்கள் (கால்பங்கு, முக்கால்பங்குப் பேரைப் பிரிக்கும் மதிப்பெண்கள்) 20-ம் 35-க்குச் சற்று மேலும் கிடைக்கும். கோடு மிகச் செங்குத்தாக ஏறும் 20–30 பகுதியில்தான் கூட்டம் அதிகம்.

இந்த வளைவரையின் ஆங்கிலப் பெயரான ‘ஓஜைவ்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது கோதிக் கட்டடங்களின் கூர்முனை வளைவுக்கான பெயர். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1875-ல் அதைப் புள்ளியியலுக்கு எடுத்துவந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடமே பழக்கமில்லை.

என் பரிந்துரை: திரள்வரை. ஒரு மதிப்பெண்ணை ‘விடக் குறைவான’வர்களை எண்ணும் வகைக்கு ஏறுதிரள்வரை, அதை ‘விட அதிகமான’வர்களை எண்ணும் வகைக்கு இறங்குதிரள்வரை. இரண்டும் வெட்டும் இடத்தில் இடைநிலை.

——

> ஏறுதிரள்வரை, இறங்குதிரள்வரை

சரி, எனக்குச் சம்மதம். ‘கீழ்த்திரள்’, ‘மேல்திரள்’ என்று எழுத நினைத்திருந்தேன், விட்டுவிட்டேன். ஏறுவரைக்குப் புள்ளியை வகுப்பு இடைவெளியின் (20–30 போன்ற பிரிவின்) மேல் எல்லையில் வைக்கிறோம், இறங்குவரைக்குக் கீழ் எல்லையில். ‘கீழ்த்திரளுக்கு மேல் எல்லை’ என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பே குழம்பும். பிரிவுகளின் நடுப்புள்ளிகளை இணைக்கும் நிகழ்வெண் பலகோணம் போட்ட பழக்கத்தில் இங்கும் நடுப்புள்ளியில் வைப்பவர்களும் உண்டு. அதனால் அகராதியில் சொல்லைச் சேர்க்கும்போது எந்த எல்லை என்பதையும் விளக்கத்தில் எழுதிவிடுங்கள் ஐயா.