உருகுநீர், ஐதாதல், ஐதாக்கல்: வைன் கொக்ரெயிலுக்கு ஒரு கலைச்சொல் விவாதம்

மடல் 1 (நல்லூர்)

எல்லோருக்கும் வணக்கம்.

வைனை அடிமதுவாக வைத்துச் செய்யும் கொக்ரெயில்கள் பற்றிய கையேட்டில் ஒரு சொல் தடக்குகிறது. பானத்தை ஐஸோடு கலக்கும்போது ஐஸ் உருகி அந்தத் தண்ணீர் பானத்தில் சேர்கிறது. பார்க்காரர் இதை ‘டைலூஷன்’ என்கிறார்கள். முதல் வரைவில் ‘நீர்த்தல்’ என்று இருந்தது, பிறகு ‘ஐதாக்கல்’ ஆக மாற்றினோம். இரண்டும் வசனத்தில் ஒட்டவில்லை. “20 விநாடி கலக்கி 20 மி.லீ. ஐதாக்கல் பெறவும்” என்று எழுதினால் ஆருக்கு விளங்கும்?

கொக்ரெயில், வைன், வெர்மூத் (மூலிகை மணமூட்டிய வைன்), ஷெரி (மதுசாரம் கூட்டிய ஸ்பானிய வைன்) ஆகியவற்றை அப்படியே விடுவதென்று முன்பே முடிவாகிவிட்டது. இந்த ஒன்றுக்கு மட்டும் கருத்துச் சொல்லுங்கோ.

மடல் 2 (உரும்பிராய்)

தம்பி, ஐதாக்கலைக் கைவிட வேண்டாம். எங்கள் இரசாயனவியல் பாடநூல்களில் அது நன்றாக வேரூன்றிய சொல். ஐதான அமிலம், செறிந்த அமிலம் என்றால் சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நீர்த்தல், நீர்த்த அமிலம் என்கின்றன. ‘ஐது’ என்றால் மெல்லியது, அடர்த்தியற்றது. சனம் ஐதாக உள்ள பிரதேசம் என்று புவியியலிலும் எழுதுகிறோம். இருக்கிற சொல்லை விட்டுப் புதிது செய்தால் பிள்ளைகள் இரண்டையும் சுமக்க வேண்டும்.

மடல் 3 (யாழ். நகர்)

ரீச்சர், சொல் நல்ல சொல். ஆனால் ஆய்வுகூடத்தில் தண்ணீரை அளந்து விடுகிற ஓர் ஆள் இருக்கிறார். கலக்கும் கிளாஸில் அப்படி ஒருவரும் இல்லை. பானத்தைக் குளிராக்கத்தான் ஐஸ் போடுகிறோம், தண்ணீர் கூடவே வருகிறது. குளிரும் தண்ணீரும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். ‘ஆக்கல்’ என்றவுடன் செய்பவரின் கை நினைவுக்கு வருவதால் இந்தக் கருத்து மறைந்துபோகிறது.

வைன் அத்தியாயத்திலேயே இதைச் சரிசெய்ய வேண்டியதற்குக் காரணம் உண்டு. 60 மி.லீ. ஜின்னும் 30 மி.லீ. வெர்மூத்தும் கலந்தால் மதுசாரம் ஏறத்தாழ 33 நூற்றுவீதம். அதற்குள் 28 மி.லீ. தண்ணீர் போனாலும் 25இல் நிற்கும். அந்தப் பானம் தண்ணீரைக் கேட்கும், தண்ணீர் இல்லாவிட்டால் தொண்டையைச் சுடும். அதே 28 மி.லீ. 12.5 நூற்றுவீத வெள்ளை வைன் 90 மி.லீ.க்குள் போனால் மதுசாரம் 9.5க்கு இறங்கும். லீற்றருக்கு 6 கிராமாக இருந்த புளிப்பு 4.6 கிராமாகும். வைனைத் தூக்கி நிறுத்துவது அந்தப் புளிப்புத்தான். அது விழுந்தால் மணமும் விழும், நாக்கில் வெறும் இனிப்பும் தண்ணீரும் மிஞ்சும். ஜின்னில் பழகிய கை வைனுக்கும் அதே 30 விநாடி கலக்கும்போது நடக்கும் பிழை இது. சொல் துல்லியமாக இருந்தால் பிழை எங்கே என்று பழகுநரே கண்டுபிடிப்பார்.

மடல் 4 (உரும்பிராய்)

நீங்கள் சொன்ன 28 மி.லீ. சரியா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான்.

90 கிராம் வைனை நீராகவே கொள்வோம். எங்கள் அறை வெப்பநிலையான 30 பாகையிலிருந்து 5 பாகைக்கு இறக்க 90 × 4.2 × 25, அதாவது 9,450 யூல் வெப்பத்தை எடுக்கவேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 யூல் தேவை. வகுத்தால் 28 கிராம். வைனை முதலே பிரிட்ஜில் 8 பாகையில் வைத்திருந்தால் இறக்கவேண்டியது 3 பாகைதான், 1,134 யூல். உருகுவது 3.4 கிராம் மட்டும். எட்டிலொரு பங்கு.

கிளாஸையும் மறக்கவேண்டாம். 200 கிராம் கண்ணாடி 30 பாகையிலிருந்து 5க்கு வர ஏறக்குறைய 12.5 கிராம் ஐஸை உருக்கும். குளிராக்கிய வைனைச் சூடான கிளாஸில் ஊற்றினால் வைன் மிச்சப்படுத்தியதில் பாதியைக் கிளாஸ் செலவழித்துவிடும்.

உறைகுளிரில் எடுத்த ஐஸ் என்றால் தண்ணீர் விடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. −18 பாகை ஐஸ் உருகத் தொடங்குமுன் கிராமுக்கு 38 யூல் மட்டுமே கூடுதலாக எடுக்கும். மொத்தத்தில் பத்திலொரு பங்கு.

இந்தக் கணக்கைப் போட்டபின் ‘ஆக்கல்’ பொருந்தவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வெப்பம் செய்கிற வேலை இது.

மடல் 5 (பருத்தித்துறை)

அப்படியென்றால் விடை இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆக்கல் பிறவினை, ஆதல் தன்வினை. தானாக நடப்பது ‘ஐதாதல்’. ரீச்சரின் வேர்ச்சொல்லும் காப்பாற்றப்படும். ஆனால் மி.லீ.யில் அளக்கவேண்டிய பொருளுக்குத் தொழிற்பெயர் உதவாது, முதல் மடலில் வசனம் இடறியது அதனால்தான். அந்தத் தண்ணீருக்குத் தனிப்பெயர் வேண்டும். ‘உருகுநீர்’ என்பது என் முன்மொழிவு. உருகிய, உருகுகிற, உருகும் நீர் என்று முக்காலமும் காட்டும் வினைத்தொகை. பனியாறு உருகி ஓடும் நீருக்கும் இதையே சொல்லலாம் என்று ஒருவர் மறுக்கக்கூடும். அங்கும் நடப்பது இதேதான், முரண் இல்லை.

‘நீர்த்தல்’ வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. பேச்சிலே நீர்த்துப்போச்சு என்றால் கெட்டுப்போச்சு என்றுதான் காதில் விழும். சட்டம் நீர்த்துப்போனது என்றும் எழுதுகிறோம். பழுதைக் குறிக்க அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம்.

வைனுக்குத் ‘தேறல்’ என்று எழுதலாமே என்று சிலர் தனிமடலில் கேட்டார்கள். புறநானூறு 56இல் நக்கீரர் யவனர் கொண்டுவந்ததைத் “தண்கமழ் தேறல்” என்கிறார். குளிர்ச்சியும் மணமும் ஒரே அடையில் வந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் தேறல் என்றால் தெளிந்தது. பழத்துண்டு மிதக்கும் சங்கிரியாவைத் தேறல் என்று சொல்ல மனம் வராது. வைன் வைனாகவே இருக்கட்டும்.

மடல் 6 (யாழ். நகர்)

அண்ணை, உருகுநீர் பாரில் நிற்கக்கூடிய சொல். “உருகுநீர் கூடிப்போச்சு” என்று வேலை நேரத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் வாயில் சரியாக வருகிறது. நாலு பானத்தில் வைத்துச் சோதித்தேன்.

கிர். பிரான்சின் டிஜோன் நகர மேயராக இருந்த பெலிக்ஸ் கிர்ரின் பெயர் பெற்றது. 10 மி.லீ. கசிஸ் மதுவை (கருந்திராட்சை எனப்படும் பிளக்கரன்ற் பழத்தின் இனிப்பு மது) அடியில் விட்டு 90 மி.லீ. புளிப்பான வெள்ளை வைனை மேலே ஊற்றவேண்டும். ஐஸ் இல்லை. உருகுநீர் 0. ஆகவே வைன் 8 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இதிலிருந்தே பிறக்கிறது.

ஸ்பிரிட்ஸ் (Spritz). 90 மி.லீ. புறொசெக்கோ (நுரைக்கும் இத்தாலிய வெள்ளை வைன்), 60 மி.லீ. அபெரோல் (கசப்பும் இனிப்புமான இத்தாலிய மது), 30 மி.லீ. சோடா. முதலிரண்டும் 11 நூற்றுவீதம். சோடா சேர்ந்ததும் 9.2. இது நாங்கள் அளந்து விடும் நீர், எனவே சுத்தமான ஐதாக்கல். ரீச்சரின் சொல்லுக்கு உரிய இடம் இங்கேதான். அதற்குமேல் ஐஸும் உருகினால் பானம் தாங்காது. கிளாஸின் விளிம்புவரை பெரிய ஐஸ்கட்டிகள் போடவேண்டும். இரண்டு கட்டி போட்டால் தண்ணீர் குறையும் என்று நினைப்பது தவறு. அந்த இரண்டும் முழுதாக உருகியும் பானம் குளிராது. நிறைய இருந்தால் தேவையானது மட்டும் உருகி மற்றது அப்படியே நிற்கும். வாளியில் கிடந்த ஐஸின் மேல் ஒட்டியிருக்கும் நீரை முதலில் வடித்துவிட வேண்டும், அது கணக்கில் வராமல் உள்ளே போகிறது. புறொசெக்கோவை முதலில் ஊற்றி, பாரமான அபெரோலை மேலே விட்டால் அது தானே இறங்கிக் கலக்கும். மாற்றி ஊற்றினால் கரண்டி போட்டுக் கலக்கவேண்டி வரும், காபனீரொட்சைட்டு பறந்துவிடும்.

பம்பூ. 45 மி.லீ. பீனோ ஷெரி (இனிப்பில்லாத வெளிர் ஷெரி), 45 மி.லீ. உலர் (இனிப்புக் குறைந்த) வெர்மூத், தோடம்பழ பிட்டர்ஸ் (கசப்பான மணச்சாறு) இரண்டு சொட்டு. இரண்டும் மதுசாரம் கூட்டிய வைன்கள் என்பதால் கலவை 16.5 நூற்றுவீதம். 20 மி.லீ. உருகுநீர் சேர்ந்தால் 13.5. அதாவது சாதாரண வைன் நிற்கும் இடத்துக்கே வந்து சேர்கிறது. ஐதாதல் வேண்டப்படுகிற பானம் இது. 30 பாகைப் போத்தலிலிருந்து ஊற்றினால் 20இல் நிறுத்த முடியாது என்பதை ரீச்சரின் கணக்கே காட்டுகிறது. போத்தல்கள் பிரிட்ஜில் இருந்தால் வேண்டிய அளவு வரும்வரை கலக்கி நிறுத்தலாம். வெர்மூத்தும் பீனோவும் திறந்தபின் எப்படியும் பிரிட்ஜில்தான் இருக்கவேண்டும், வெளியே வைத்தால் ஒட்சியேறி மணம் மாறிவிடும்.

ஷெரி கொப்லர். 90 மி.லீ. ஷெரி, ஒரு மேசைக்கரண்டி சீனி, தோடம்பழத் துண்டு இரண்டு. குலுக்கி, நொறுக்கிய ஐஸில் வடிக்கவேண்டும். நொறுக்கிய ஐஸுக்கு மேற்பரப்பு அதிகம், விரைவாக உருகும். இதில் உருகுநீர் பானத்தின் ஓர் உறுப்பு. அது இல்லாவிட்டால் பாகுபோல் திகட்டும். இதே முறை எங்கள் ஊர் இனிப்பான முந்திரிகை வைனுக்கும் சரிவரும்: 90 மி.லீ. வைன், 10 மி.லீ. தேசிக்காய்ப்புளி, நொறுக்கிய ஐஸ். சீனி தேவையில்லை.

மடல் 7 (உரும்பிராய்)

சொற்கள் எனக்குச் சம்மதம். ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது. 90 மி.லீ.க்குள் 28 மி.லீ. போனதை ஒருவர் 31 நூற்றுவீதம் என்பார், இன்னொருவர் 24 என்பார். முதலாமவர் தொடக்கக் கனவளவால் வகுக்கிறார், மற்றவர் இறுதிக் கனவளவால். இரண்டு புத்தகத்திலிருந்து செய்முறை எடுத்தால் இங்கேதான் குழப்பம் வரும். ‘ஐதாகு வீதம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, இறுதிக் கனவளவின் மீது என்று வரையறுத்து விடுங்கோ. கிளாஸில் இருக்கும் பானத்தில் எத்தனை பங்கு தண்ணீர் என்பதுதான் குடிப்பவருக்குத் தெரியும் அளவு.

அளக்கும் முறையையும் எழுதவேண்டும். ஊற்றுமுன் 90 மி.லீ., கலக்கி வடித்தபின் அளவுச்சாடியில் 118 மி.லீ. என்றால் வித்தியாசம் உருகுநீர். ஐஸோடு சேர்த்து அளக்கக்கூடாது.

மடல் 8 (நல்லூர்)

ரீச்சர், அண்ணை, எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது. திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கோ.

உருகுநீர்: கலக்கும்போதோ குலுக்கும்போதோ ஐஸ் உருகிப் பானத்தில் சேரும் நீர். மி.லீ.யில் தரப்படும்.
ஐதாதல்: உருகுநீரால் பானத்தின் செறிவு தானாகக் குறைதல்.
ஐதாக்கல்: சோடாவோ நீரோ அளந்து சேர்த்துச் செறிவைக் குறைத்தல். முன்கூட்டியே கலந்து போத்தலில் அடைக்கும் பானத்துக்கு உருகுநீருக்கு ஈடாகச் சேர்க்கும் நீரும் இதில் அடங்கும்.
நீர்த்துப்போதல்: ஐதாதல் அளவு மீறி மணமும் புளிப்பும் விழுந்த நிலை. பழுதைக் குறிக்க மட்டும்.
ஐதாகு வீதம்: இறுதிக் கனவளவில் உருகுநீரின் நூற்றுவீதம்.

முதல் மடலில் இடறிய வசனம் இப்போது இது: “பிரிட்ஜில் குளிராக்கிய ஷெரியையும் வெர்மூத்தையும் நீர் வடித்த ஐஸில் கலக்கவும். உருகுநீர் 20 மி.லீ. ஆனதும் வடிக்கவும், ஐதாகு வீதம் 18. இதற்குமேல் கலக்கினால் நீர்த்துப்போகும்.”