உற்சவர் பீடத்தில் துளைகள் எதற்கு?

கேள்வி (நகரி): வணக்கம். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருமஞ்சனத்தின்போது உற்சவர் பீடத்தில் துளைகளைக் கண்டேன். அவை எதற்கு? திருமேனியின் உள்ளே வெற்றிடம் இருக்குமா?

பதில் (காளத்தி): ஐயா, வீதியுலாவில் திருமேனி அசையாதிருக்க, அத்துளைகளில் கம்புகளைச் செருகிக் கட்டுவார்கள். சந்நிதிக்கு வர இயலாதவருக்கும் இறைவனே தெருவில் எழுந்தருளி முகம் காட்டும் மரபு வளர வளர, சோழர் காலத்தில் செப்புத் திருமேனிகளும் பெருகின.

பதில் (சித்தூர்): வெற்றிடம் இராது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைச் செய்து, வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பதால் உள்ளும் கெட்டியாகவே அமையும். அச்சை உடைத்தே எடுப்பதால் மறுபடி வார்க்க இயலாது. தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டுக் கண்ணப்பரை அவசியம் பாருங்கள். நம் காளத்தி வேடரைக் காலில் செருப்போடு கைகூப்பி நிற்பவராகவே வடித்திருக்கிறார்கள்.