கனடா குக் வேலை: ஒர்க் பர்மிட் ரிஜெக்ட் ஆயிடுச்சு, அதே ஆஃபரை வெச்சு திரும்ப போடலாமா?

மாதனூர் மாஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆம்பூர் பக்கம் மாதனூர். பிரியாணி மாஸ்டர். பெங்களூர் ரோட்டு மேல இருக்குற ஒரு கடையில பத்து வருஷத்துக்கு மேல தேக்சா என் பொறுப்புலதான் இருக்கு. முகூர்த்த சீசன்ல முதலாளிகிட்ட சொல்லிட்டு மண்டப ஆர்டருக்கும் போவேன். தொழில் கத்துக்கொடுத்தவர் எங்க பாய். அவர் மவுத் ஆயிட்டார், இருந்திருந்தா அவரே லெட்டர் கொடுத்திருப்பார்.

கனடாவுல சஸ்காட்செவன் மாகாணத்துல ஒரு சின்ன ஊர். அங்க நம்ம பக்கத்து சாப்பாடு போடுற ஓட்டலுக்கு ஆள் வேணும்னு சொந்தக்காரப் பையன் மூலமா தெரிஞ்சுது. ஓட்டல்காரர் வீடியோ கால்ல வந்து துருவித் துருவிக் கேட்டார். சீரக சம்பாவை எந்தப் பதத்துல வடிப்பீங்க, காஞ்ச மிளகாய் விழுது படிக்கு எவ்ளோ, விறகும் தணலும் இல்லாம கேஸ் அடுப்புலயே தம் கட்ட வருமா, எல்லாம் கேட்டார். திருப்தி ஆயி எல்எம்ஐஏ வாங்கி அனுப்பினார், அதான் வெளிநாட்டு ஆளை வேலைக்கு வெச்சுக்கலாம்னு கனடா அரசு முதலாளிக்குக் கொடுக்குற அனுமதி. நான் வேலூர்ல ஒரு ஏஜென்ட்கிட்ட ஃபைலைக் கொடுத்தேன்.

போன வாரம் ரிஜெக்ட். லெட்டர்ல ரெண்டு காரணம். நீங்க போற வேலையைச் சரியா செய்வீங்கன்னு நிரூபிக்கலையாம். பர்மிட் முடிஞ்சா கனடாவை விட்டுக் கிளம்புவீங்கன்னு நம்ப முடியலையாம். ரெண்டாவதைக்கூட விடுங்க. ஒரே தேக்சாவுல இருபத்தஞ்சு கிலோ அரிசி போட்டு, ஒரு பருக்கை குழையாம இறக்குறவனுக்கு சமைக்க வராதுன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அதுதான் தாங்கல.

அப்புறம் ஏஜென்ட்கிட்ட சண்டை போட்டு ஃபைல் காப்பி வாங்கினேன். அனுபவ லெட்டரைப் பார்த்தா தூக்கி வாரிப் போட்டுச்சு. நான் 'செஃப் டி பார்ட்டி, இந்தியன் அண்ட் கான்டினென்டல்'னு இருக்கு. மாசச் சம்பளம் 45,000ன்னு இருக்கு. எங்க கடையில கான்டினென்டலுக்கு நான் எங்க போவேன்? ராத்திரி கல்லா மூடும்போது அன்னன்னிக்கு கூலியைக் கையில வாங்குறவன் நான். கேட்டா, "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க மாஸ்டர், இந்தத் தடவை ஆபீசர் சரியில்ல, அதே ஃபைலை மறுபடி போட்டா வேற ஆபீசர் கைக்குப் போவும்"ங்கிறார். அதுக்கு மறுபடியும் பணம் கேக்குறார். இன்னொருத்தர், புது பாஸ்போர்ட் எடுத்துட்டு ரிஜெக்ட் ஆனதைச் சொல்லாம போடுங்கங்கிறார்.

எவ்ளோ நாள் விட்டுப் போடணும்? அதே எல்எம்ஐஏ செல்லுமா? சர்டிபிகேட் இல்லாத சமையல்காரன் எதை வெச்சு நிரூபிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலாறு பாண்டியன்:

மாஸ்டர், ரொம்ப யோசிக்காதீங்க. கேட்டரிங் டிப்ளமா பழைய தேதி போட்டு வாங்கித் தர்ற ஆள் இருக்காங்க. அதை உள்ள வெச்சு போடுங்க, முடிஞ்சது கதை. இல்லன்னா கனடாவை விட்டுட்டு கத்தார் பாருங்க.

குடியாத்தம் செல்வி:

பாண்டியன் தம்பி, இந்த மாதிரி யோசனையை உங்களோடயே வெச்சுக்கோங்க. குடும்பஸ்தன் தலையில கல்லைப் போடாதீங்க.

மாஸ்டர் அண்ணே, பழைய தேதி சர்டிபிகேட்டும் வேணாம், புது பாஸ்போர்ட் வேலையும் வேணாம். விண்ணப்பத்துலயே கேள்வி இருக்கு, கனடாவோ வேற எந்த நாடோ எப்பவாவது விசா, பர்மிட் மறுத்திருக்கான்னு. 'ஆமா'ன்னு போட்டு, எப்போ, எந்த விண்ணப்பம்னு எழுதணும். உங்க கைரேகை ஏற்கெனவே அவங்ககிட்ட இருக்கு, பாஸ்போர்ட் நம்பர் மாறினா ரேகை மாறிடுமா? பொய் தகவல்னு முடிவு கட்டினா அஞ்சு வருஷம் கனடா பக்கமே போக முடியாது. வெறும் ரிஜெக்ட்டுக்கு அப்படித் தடை ஒண்ணும் கிடையாது. கடிதத்துல வேற மாதிரி சொல்லியிருந்தாலொழிய நாளைக்கே கூட திரும்பப் போடலாம். ஆனா நாளைக்கே போடக்கூடாது, ஏன்னு சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் பரோட்டா, தந்தூரி ரெண்டும் போடுவார். அவருக்கும் இதே ரெண்டு காரணம் சொல்லித்தான் முதல்ல திருப்பி அனுப்பினாங்க. அடுத்த விண்ணப்பத்தை ஏஜென்ட் இல்லாம நானே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டர்ல உக்காந்து போட்டேன். இப்போ அவர் அங்கதான் இருக்கார்.

லெட்டர்ல வர்ற காரணம் அச்சு வாக்கியம், ஆயிரம் பேருக்கு அதேதான் போகும். உங்க ஃபைலைப் பார்த்து ஆபீசர் என்ன எழுதினார்ங்கிறது தனியா இருக்கும். 2025 ஜூலை கடைசியிலேர்ந்து மறுப்புக் கடிதத்தோட அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க. ஏஜென்ட் அக்கவுன்ட்ல வந்து கிடக்கலாம், முதல்ல அதைப் பாருங்க. இல்லன்னா ஜிசிஎம்எஸ் நோட்ஸ், அதாவது அவங்க கம்ப்யூட்டர்ல உங்க ஃபைல் பத்தி இருக்குற குறிப்பு, அதைக் கேட்டு எழுதிப் போடணும். முன்ன இதுக்கு கனடாவுல ஆள் வேணும். 2022 ஜூலைக்கு அப்புறம் வெளிநாட்டுல இருக்குறவங்களும் தங்களோட பதிவைத் தாங்களே தனியுரிமைச் சட்டத்துல கேக்கலாம், கட்டணம் இல்லை. சட்டப்படி 30 நாள், சில நேரம் இழுக்கும். இதுக்குன்னு யாராவது பத்தாயிரம் கேட்டா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

எங்க வீட்டுக்காரர் குறிப்புல இருந்தது சில வரிதான். அனுபவக் கடிதத்துல எழுதியிருந்த வேலை விவரம் கனடா அரசு பட்டியல்ல இருக்குற வாசகத்தோட வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போவுது, சம்பளம் வாங்கினதுக்கு ஆதாரம் இல்லை, அதனால கடிதத்தை நம்பி எடுத்துக்க முடியலைன்னு எழுதியிருந்தாங்க. அவருக்கு தந்தூர் அடுப்பு தெரியாதுன்னு யாரும் சொல்லலை. அந்தக் காகிதத்தைத்தான் நம்பலை. உங்களுதும் அப்படித்தான் இருக்கும்.

கனடா தொழில் பட்டியல்ல குக்குக்கு எண் 63200. மூணு வருஷ அப்ரன்டிஸ், இல்ல காலேஜ் சமையல் படிப்பு, இல்ல வணிகமுறைச் சமையல்ல பல வருஷ அனுபவம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும்னு இருக்கு. மூணாவது உங்களுக்கு தாராளமா இருக்கு, டிப்ளமா எதுக்கு? ஆனா வீட்டுச் சமையல் இல்ல, கடைச் சமையல்னு காட்டணும். அதுக்கு என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். கனடாங்கிற பேச்சே வீட்டுல வராத காலத்து தேதி போட்ட காகிதத்துக்குத்தான் மதிப்பு. விசாவுக்குன்னு நேத்து அடிச்ச லெட்டர் எவ்ளோ அழகா இருந்தாலும் அது தனியா நிக்காது.

ஃபுட் சேஃப்டி விதிப்படி சாப்பாட்டைத் தொடுற எல்லாருக்கும் கடைக்காரர் வருஷா வருஷம் மருத்துவத் தகுதிச் சான்று எடுத்து வெக்கணும். நிறைய கடையில எடுக்கிறாங்க, எடுத்து எங்கயோ போட்டுடுறாங்க. எங்களுக்கு அது கல்லாவுக்குப் பின்னால, சாமி படத்துக்குக் கீழ, எண்ணெய்க் கறை பிடிச்ச ஒரு ஃபைல்ல கிடைச்சுது. டாக்டர் கையெழுத்து, சீல், தேதி, கடை பேரு, அவர் பேருக்கு நேரா 'தந்தூர் குக்'. வருஷத்துக்கு ஒண்ணு. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உசுரு வந்துச்சு.

அமைப்புசாராத் தொழிலாளருக்கான ஈஷ்ரம் கார்டு போட்டிருக்கீங்களா? 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்களே, அதுல தொழில் என்னன்னு கேட்டுத்தான் பதிவு பண்ணுவாங்க. மண்டப ஆர்டர்காரங்க போன்ல போட்டுவிட்ட அட்வான்ஸ், கையால எழுதின ஆர்டர் சீட்டு, பாத்திரக்கடை வாடகை ரசீது, யாரோ கல்யாண ஆல்பத்துல தேக்சா பக்கத்துல நீங்க நிக்கிற போட்டோ, எல்லாத்தையும் எடுங்க.

புது அனுபவக் கடிதம் உங்க கடை முதலாளியே கொடுக்கணும். கான்டினென்டல் வேணாம். என்னிக்குச் சேர்ந்தீங்க, காலையில எத்தனை மணிக்கு அடுப்பு பத்த வெப்பீங்க, ஒரு நாளைக்கு எத்தனை தேக்சா, உங்களுக்குக் கீழ எத்தனை பையனுங்க, கூலி தினக்கூலி, கையில ரொக்கம். உள்ளது உள்ளபடி. ஃபுட் சேஃப்டி லைசென்ஸ் எண்ணும், எடுத்துப் பேசக்கூடிய போன் நம்பரும் இருக்கணும்.

உங்களுக்கு ஒரு சிக்கல் மட்டும் தனி. பழைய ஃபைல்ல 45,000ன்னு இருக்கு, புதுசுல தினக்கூலின்னு வரும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. முந்தின கடிதத்தோட விவரம் தப்பு, ஏஜென்ட் தயார் பண்ணினது, சரியானது இதுதான்னு விளக்கக் கடிதத்துல நீங்களே முந்திக்கிட்டு எழுதணும். இந்த ஒரு இடத்துக்கு கனடா லைசென்ஸ் உள்ள ஆலோசகர் இல்ல வக்கீல்கிட்ட காசு கொடுத்துக் கேளுங்க. ஆலோசகருக்கு லைசென்ஸ் இருக்கான்னு அவங்க காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் பதிவேட்டுல பேரு போட்டுப் பார்த்துக்கலாம்.

மாதனூர் மாஸ்டர்:

செல்வி அம்மா, நல்லா இருக்கணும் நீங்க. குறிப்பு ஏஜென்ட் அக்கவுன்ட்லதான் இருந்துச்சு. ஆஃபர் தென்னிந்தியச் சமையலுக்கு, அனுபவம் கான்டினென்டல்ல, சம்பளத்துக்கு பேங்க் வரவு இல்லை. நீங்க சொன்ன அதே கதை. தகுதிச் சான்று கடையில இருக்கு, தேடித் தரேன்னு சொல்லியிருக்காங்க.

ஆனா முதலாளி லெட்டர்ல கையெழுத்துன்னதும் பின்வாங்குறார். நல்ல மனுஷன், என் பொண்ணு காதுகுத்துக்குக் கடையை மூடிட்டு வந்தவர். "ரொக்கக் கூலின்னு எழுதிக் கொடுத்தா பிஎஃப்காரன் வந்து நிப்பான்"னு பயப்படுறார். எல்எம்ஐஏவும் இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு.

வாணியம்பாடி கணக்கர்:

முதலாளிக்கு என் சார்பாகச் சொல்லுங்கள். பிஎஃப் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு. ஈஎஸ்ஐ 10 பேர். கடையில் எட்டு, ஒன்பது பேர்தான் என்றால் அவர் பயப்பட ஒன்றுமில்லை. ரொக்கக் கூலி கொடுப்பது குற்றமும் அல்ல, கூலிப் பதிவேடு வைத்திருந்தால் போதும். இந்தப் பக்கத்தில் தோல் ஷாப்புகளுக்கும் ஓட்டல்களுக்கும் வெகுகாலம் கணக்கு எழுதியவன் நான். பெரும்பாலான முதலாளிகள் பயப்படுவது சட்டத்துக்கு அல்ல, எழுதிக் கொடுப்பதற்கு. அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தை நகல் எடுத்து அவரிடம் சான்றொப்பம் வாங்குங்கள். பேங்க் வரவு இல்லாத குறையை அது ஓரளவு ஈடு கட்டும். இப்போது திடீரென்று கணக்கில் மொத்தமாகப் பணம் போட்டுக் காட்ட வேண்டாம், அது எதிராகத்தான் போகும்.

எல்எம்ஐஏ 2024 மே 1க்குப் பிறகு கொடுத்தது என்றால் ஆயுள் 6 மாதம்தான், முன்பு 12 ஆக இருந்தது. அது காலாவதி ஆவதற்குள் உங்கள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இரண்டு மாதம் தாராளம். கைரேகை 10 வருடம் செல்லும், அதனால் 85 டாலர் மறுபடி கட்டத் தேவையில்லை. பர்மிட் கட்டணம் 155 டாலர் மட்டும் புதிதாகக் கட்ட வேண்டும். மெடிக்கல் எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் அதையே காட்டலாம்.

யாராவது கோர்ட்டுக்குப் போகலாம் என்று தூண்டினால், கனடா ஃபெடரல் கோர்ட்டில் 60 நாளுக்குள் மனு போட வழி உண்டுதான். ஜெயித்தாலும் கோர்ட் பர்மிட் கொடுக்காது, வேறு அதிகாரி மறுபடி பார்க்கச் சொல்லும். உங்கள் பழைய ஃபைலை யார் மறுபடி பார்த்தாலும் அதே கான்டினென்டல்தான்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். எல்எம்ஐஏவுக்கு அங்கே முதலாளி கட்டியது 1,000 டாலர். அதை உங்களிடம் வசூலிக்க அவருக்கு உரிமை இல்லை. குறைந்த ஊதியப் பிரிவில் வந்த ஆஃபர் என்றால் போக வர டிக்கெட் அவர் பொறுப்பு, ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். உங்களிடம் எவ்வளவு வாங்கினார், ரசீது கொடுத்தாரா, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஈமைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பேச்சு பேசுங்கள்.

மாதனூர் மாஸ்டர்:

ஐயா, ரசீதா? பேப்பர்ல துண்டா எழுதிக் கொடுத்தார். ஈமைக்ரேட்ல தேடினேன், அந்தப் பேரு வரலை. இனிமே அந்தப் படி ஏறமாட்டேன்.

முதலாளிகிட்ட உங்க பதிலைப் படிச்சே காட்டினேன். கடையில மொத்தம் ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து கையெழுத்துப் போடுறேன்னுட்டார். ஒரே ஒரு சந்தேகம். மண்டப ஆர்டர் சீட்டெல்லாம் தமிழ்ல இருக்கு, ரெண்டு உருதுல இருக்கு. என் பொண்ணு பிளஸ் டூ, இங்கிலீஷ் நல்லா எழுதுவா. அவளையே மொழிபெயர்க்கச் சொல்லட்டா? கிளம்பிப் போவீங்களான்னு கேட்டதுக்கு என்ன வெக்கிறதுன்னும் சொல்லுங்க.

குடியாத்தம் செல்வி:

பொண்ணு எழுதக்கூடாது அண்ணே. சொந்தக்காரங்க மொழிபெயர்ப்பை எடுத்துக்க மாட்டாங்க. வெளியாள் செய்யணும், சரியா மொழிபெயர்த்தேன்னு நோட்டரி முன்னால அஃபிடவிட் போடணும், மூலத்தோட காப்பியும் கூட வரணும். செலவு பக்கத்துக்குத்தான், அதனால எல்லாச் சீட்டையும் கொடுக்காதீங்க. பேரு, தேதி, எத்தனை கிலோன்னு தெளிவா இருக்குறதை மட்டும் பொறுக்கி எடுங்க.

ரெண்டாவது காரணத்துக்கு, வீட்டு வரி ரசீது, நிலம் இருந்தா பட்டா, பொண்ணு ஸ்கூல் ரசீது, சம்சாரம் இங்கேயே இருக்காங்கங்கிறது. இதைவிட கனமானது, முதலாளி அதே லெட்டர்ல கடைசியா ஒரு பாரா: ஒப்பந்தம் முடிஞ்சு வந்தா மாஸ்டருக்கு இதே கடையில வேலை உண்டுன்னு. அவர்தான் காதுகுத்துக்குக் கடையை மூடினவராச்சே, இதை எழுத மாட்டாரா?

ஆன்லைன்ல ஏத்தும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஃபைல்தான், 4 எம்பிக்குள்ள. விளக்கக் கடிதம், பழைய மறுப்புக் கடிதம், தகுதிச் சான்று, ஆர்டர் சீட்டு எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, 'கிளையன்ட் இன்ஃபர்மேஷன்'னு விருப்பக் கட்டம் ஒண்ணு கடைசியில இருக்கும், அதுல ஏத்துங்க. விளக்கக் கடிதம் முதல் பக்கமா இருக்கணும், ரெண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. போன்ல எடுக்குறதா இருந்தா பகல்ல திண்ணையில வெச்சு எடுங்க, எண்ணெய்க் கறை மேல டியூப்லைட் பட்டா எழுத்தே தெரியாது.