மறு: உருமாறிப் பொம்மைகளின் மூட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டியிலிருந்து ரோபோவாக மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைத் தமிழில் எப்படி அழைப்பது, அவற்றின் மூட்டுகள் அசையும் திறனுக்கு (ஆர்ட்டிகுலேஷன்) என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இனி முடியாது. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டர், அதாவது இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கிறவன். மூட்டு, கீல், ஆணி இவற்றோடு 25 வருடம் குடித்தனம் நடத்தியவன். போதாததற்கு வீட்டில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் அக்காள் மகன் ஒருவன், இந்தப் பொம்மைகளைக் கட்டில் அடியில் பதினேழு வைத்திருக்கிறான். ஆகவே எனக்கும் பேச உரிமை உண்டு.

முதலில் பொம்மையின் பெயர்.

> மின்மாற்றி இருக்கிறதே, அதைப் போல உருமாற்றி என்றே வைக்கலாம்.

கோவை நண்பரே, மின்மாற்றி சரியான சொல். அது கம்பத்தில் பேசாமல் நிற்கிறது, மாறுவது மின்னழுத்தம். இந்தப் பொம்மையோ வேறெதையும் மாற்றுவதில்லை, தானே மாறுகிறது. மாறு தன்வினை, மாற்று பிறவினை. எனவே பொம்மை உருமாறி. உருமாற்றி யார் என்றால், அதைப் பிடித்துத் திருகுகிற பையன்தான்.

அப்புறம் சிக்கலான சொல்லுக்கு வருவோம். ஆர்ட்டிகுலேஷன். அகராதியைப் புரட்டினால் ஒலிப்பு, உச்சரிப்பு என்கிறது. "முழங்கால் உச்சரிப்பு அருமை" என்று எழுதினால் சிரிப்பார்கள். லத்தீன் மூலத்தில் அது சிறு மூட்டுதான். மூட்டு மூட்டாகப் பிரித்துப் பேசுவதால் பேச்சுக்கும் போனது. நம்மிடமும் அசை செய்யுளில் இருக்கிறது, உடம்பிலும் இருக்கிறது. அந்த அழகுக்காகவே யாழ்ப்பாணத்து அம்மா முன்வைத்த மூட்டசைவு எனக்குப் பிடித்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். அந்தச் சொல்லை ஒரு பொம்மையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

நேற்று இரவு மேசையில் சிவப்பு லாரி ஒன்றை வைத்தோம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 35 ரிங்கிட்டுக்கு வாங்கிய நகல். லாரியின் முன்கண்ணாடி மார்பாகிறது, பின்பாதி இரண்டாகப் பிளந்து கால்களாகிறது. கால்கள் சரியான பக்கம் பார்க்க வேண்டுமானால் இடுப்பு அரைவட்டம் திரும்பியே ஆக வேண்டும். உருமாறுவதற்காக வைத்த அந்தத் திருப்பம், ரோபோவாக நிற்கும்போது இடுப்பை ஒடித்துத் திரும்பிப் பார்க்கவும் உதவுகிறது. செலவில்லாமல் வந்த மூட்டு. முழங்கையில் நேர்மாறு: ஒரே கீல், 90 பாகையோடு நின்றுவிடுகிறது. இரட்டைக் கீல் வைத்திருந்தால் முன்கை மேல்கையோடு வந்து ஒட்டும். கழுத்து மோசம்: திரும்பும், அண்ணாந்து பார்க்காது. முதுகில் லாரியின் மிச்சமெல்லாம் தொங்குகிறது. அதற்குப் பையன் வைத்த பெயர் "முதுகு மூட்டை". அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், விவாதம் வேண்டாம்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் மூட்டசைவு இடறியது. "இதன் மூட்டசைவு" என்றால் இப்போது அசைவதைச் சொல்கிறோமா, அசையக்கூடிய தகுதியைச் சொல்கிறோமா? பொம்மையை மதிப்பிடுகிறவனுக்கு வேண்டியது தகுதி. அது ஒரு பொம்மைக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு. எத்தனை மூட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகும், போன இடத்தில் நிற்குமா, மூன்றும் சேர்ந்தது. தமிழில் இப்படிச் சேர்த்துச் சொல்ல ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. பாடகருக்குக் குரல்வளம், எழுதுகிறவருக்குச் சொல்வளம். அதேபோல் பொம்மைக்கு மூட்டுவளம்.

சோதித்துப் பாருங்கள். "கையில் மூட்டுவளம் உண்டு, கழுத்தில் இல்லை." "1984-ல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ, ஜப்பானின் தக்காரா செய்துகொண்டிருந்த டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் பொம்மைகளை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் மாற்றி விற்றபோது உருமாற்றத்தில் இருந்த சாமர்த்தியம் மூட்டுவளத்தில் இல்லை." "1996-ல் விலங்காக மாறும் வரிசை வந்தபோது பந்துமூட்டுகள் பெருகி மூட்டுவளம் கூடியது." நாக்கு எங்கும் தடுக்கவில்லை. மூட்டசைவை நான் தள்ளவில்லை. ஒரு குறிப்பிட்ட மூட்டு அசைவதைச் சொல்ல அது இருக்கட்டும்.

பந்துமூட்டு என்றேன். லாரிப் பட்டறையில் எல்லாரும் பால் ஜாயிண்ட் என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு என் ஓட்டு இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவன் காதில் பால் என்றால் பால்மரத்துப் பால், அதாவது ரப்பர் மரத்துப் பால். பள்ளிப் பாடநூலில் பந்துக் கிண்ண மூட்டு இருக்கிறது. பொம்மைக்குக் கிண்ணத்தைக் கழித்துவிடலாம்.

மூட்டாட்டம் என்று முன்மொழிந்தவர் கோபிக்கக் கூடாது. பல் ஆடுகிறது, நாற்காலி ஆடுகிறது, லாரியின் முன்சக்கரம் ஆட்டம் கொடுக்கிறது என்றால் தேய்ந்துபோயிற்று என்று பொருள். எங்கள் சிவப்பு லாரிக்கே தொடைமூட்டில் அந்த ஆட்டம். ஒற்றைக் காலில் நிறுத்தினால் மெல்லச் சரிந்து விழுகிறது. அக்காவின் நிறமில்லாத நகப்பூச்சை எடுத்துப் பந்தின்மேல் மெல்லிசாகத் தடவி, இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் மாட்டினேன். இப்போது நிற்கிறது. (அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.) ஆகவே ஆட்டம் என்ற சொல்லை அந்த நோய்க்கே விட்டுவிடுவோம்.

மடங்கல் என்ற சொல்லும் வந்தது. பையனின் வாய்மொழிக்கு அது மிக அருகில். "இதுக்கு முட்டி மடங்காது மாமா" என்றுதான் அவன் சொல்வான். ஆனால் பழைய இலக்கியத்தில் மடங்கல் சிங்கம், கூற்றுவன்கூட. சிங்கமாக மாறும் பொம்மைக்கு எழுதும்போது "மடங்கலின் மடங்கல்" என்று வந்து நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது, யாருக்கும் புரியாது.

கடைசியாக ஒன்று, இதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. பெரிய பொம்மைகளின் தோளில் உள்ளே பல் வைத்த மூட்டு இருக்கும். தூக்கினால் கடகடவென்று படிப்படியாக ஏறி, விட்ட இடத்தில் நிற்கும். கனமான கை கீழே விழாமல் இருப்பது அதனால்தான். பல்மூட்டு என்றால் பல் வைத்தியரிடம் போய்விடும். பையன் கடகட மூட்டு என்கிறான். நான் படிமூட்டு என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன், படியளவில் நகர்வதால். பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது இதற்கு வேறு பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள். இன்று எனக்கு இரவு வேலை, நாளை மாலைதான் படிப்பேன்.