2021–22 கல்வியாண்டு: தொடக்கப்பள்ளியில் உங்கள் மனத்தைவிட்டு அகலாத ஒரு நிகழ்வு

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது எங்கள் மூன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் அதற்குமுன் வகுப்பறையில் உட்கார்ந்தது 2020 மார்ச்சில், ஒன்றாம் வகுப்பில். இடையில் நடந்தவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே அந்த நாளுக்கு வருகிறேன்.

விடுபட்ட பாடங்களை ஈடுசெய்வதற்கான புத்தாக்கப் பயிற்சிக் கட்டகத்தைத் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் குறித்துக்கொண்டிருந்தேன். 47 என்று எழுதிய அட்டையை ஒரு பையனிடம் காட்டினேன். அவன் பெற்றோர் ஆண்டுதோறும் பொங்கல் முடிந்ததும், வாங்கிய முன்பணத்தைக் கழிப்பதற்காகத் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் அவனும் கூடவே போய்ப் பச்சைக்கல் திருப்பிப் போட்டிருக்கிறான். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. "எண் அறியவில்லை" என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அன்று மதியம் சத்துணவு முடிந்த நேரத்தில், எண்ணுவதற்காக வைத்திருந்த புளியங்கொட்டை டப்பாவை யாரோ தட்டிவிட்டார்கள். அவன் தரையில் குந்தி, கையால் ஐந்தைந்தாகத் தள்ளிப் பத்துப் பத்தாக வரிசை கட்டி, நான் கரும்பலகையைத் துடைத்து முடிப்பதற்குள், "முந்நூத்திப் பன்னெண்டு இருக்கு டீச்சர்" என்றான். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் நான் தனியாக உட்கார்ந்து எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டுதான் இருந்தது.

நான் நிரப்பிய படிவத்தில் எழுதிய எண்ணைப் படிக்கத் தெரியுமா தெரியாதா என்று கேட்க இடம் இருந்தது. இதை எழுத இடம் இல்லை. 2022 ஜனவரியில் ஓமைக்ரானால் மீண்டும் பள்ளியை மூடிவிட்டார்கள். பொங்கல் கழிந்து அவன் கிளம்பிய நாளில் ஒரு வார்த்தை பேசவும் எனக்கு வாய்ப்பில்லை.

கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்களைக் கொண்டு மாலையில் பாடம் நடத்திய அரசின் இல்லம் தேடிக் கல்வி மையம் எங்கள் ஊருக்கும் வந்தது. ஆனால், பயிற்சி போதாத தன்னார்வலர்கள் எழுத்தைப் பார்த்து எழுதவைப்பதோடு நின்றுவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

ஒரு தந்தை, திருப்பூர்

என் மகள் தனியார் நர்சரிப் பள்ளியில் யூ.கே.ஜி. முடித்தவள். ஒன்றாம் வகுப்பு முழுவதும் கைபேசியில்தான் கழிந்தது. பனியன் கம்பெனியில் எனக்கு ஓவர்டைம் நின்றுபோனதால் கட்டணம் பாக்கியானது. பாக்கியைத் தீர்க்காமல் மாற்றுச் சான்றிதழ் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை அம்மா, சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருப்பதாகச் சொல்லி, அன்றைக்கே அவளை இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். அந்த நன்றியை நான் என்றும் மறக்க மாட்டேன்.

நான் எழுத வந்தது சட்டையைப் பற்றி. அரசுச் சீருடை கைக்கு வரும்வரை அவள் பழைய பள்ளிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனாள். ஒருநாள் மாலை அழைத்துவரப் போனபோது, கை கழுவும் வரிசையில் அவள் ஒரு கையை மட்டும் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருந்தாள்; மற்றொரு கை மார்பின் இடப்பக்கம் ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் இருந்த பழைய பள்ளியின் முத்திரையை மறைக்கிறாள் என்று புரியாமல், "இரண்டு கையையும் கழுவத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் அதட்டிவிட்டேன். அன்றிரவு அவள் தூங்கியபின் பிளேடால் தையலைப் பிரித்து முத்திரையை எடுத்தேன். சட்டை முழுவதும் வெளுத்திருந்ததால், அது இருந்த இடம் மட்டும் புதுத்துணிபோல அதே வடிவில் தெரிந்தது. மறுநாளும் அவள் அந்த இடத்தில் கை வைத்துக்கொண்டுதான் போனாள்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், கடலூர் மாவட்டம்

ஆசிரியை அவர்களின் கடைசி வரிக்கு மட்டும் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது சில நாள் பயிற்சி. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதற்குமேல் பாய், விளக்கு, சில நேரம் பென்சில் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்தே வந்தன. மாலை ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருபது பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள் என்றால், ஒன்றரை ஆண்டாக மாலை நேரத்தில் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள் அவர்கள். பார்த்து எழுதவைப்பதோடு நின்றவர்கள் இருக்கலாம். கதை சொல்லியும், பாட்டுக் கட்டியும், கிட்டிப்புள்ளில் கணக்குச் சொல்லிக் கொடுத்தும் பாடுபட்டவர்களும் பலர் உண்டு. ஓர் ஊரில் கண்டதை எல்லா ஊருக்கும் பொதுவாக்குவது முறையாகாது.

ஆனால், என்னை உறுத்துவது என் தவறுதான். 2022 பிப்ரவரியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தேன். காய்ச்சல், திருவிழா, உறவினர் திருமணம் என்று ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். ஒரு பையன், "என் அப்பா இரந்துவிட்டதால் எனக்கு மூன்று நாள் விடுப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிக் காட்டினான். நான் சிவப்பு மையால் இடையின ரகரத்தைச் சுழித்து, மேலே வல்லின றகரத்தை எழுதி, "இரத்தல் என்றால் பிச்சை கேட்பது, இதற்குப் பெரிய ற போட வேண்டும்" என்று விளக்கிவிட்டு, அடுத்த நோட்டை வாங்கினேன். பத்து முறை எழுதிவரச் சொன்னதாகவும் நினைவு. மண்டபத்தைக் கூட்டிப் பூட்டும்போது, "அவங்க அப்பா போன மே மாசம் கொரோனாவுல போயிட்டாரு அக்கா" என்று இன்னொரு பிள்ளை சொன்னாள்.

2021 மே மாதத்தில் பள்ளி இல்லை. விடுப்புக் கேட்க அவனுக்கு இடமே இருந்திருக்கவில்லை. மறுநாள் அவன் அந்தச் சொல்லைப் பத்து முறையும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வந்தான்.

பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர், தென்மாவட்டம்

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களையெல்லாம் ஆய்வு செய்து இடித்தார்கள். எங்கள் ஓட்டுக்கட்டடமும் ஜனவரி விடுமுறையில் போயிற்று. பிப்ரவரி 1 அன்று வந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமி, வாசற்படி இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் மண்ணுக்குள் காலெடுத்து வைத்தாள். என் அனுபவம் இவ்வளவுதான்.

இளம் ஆசிரியர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். முதலாவதாக, 247 எழுத்துகளையும் அகர வரிசையில் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் கொள்ளக் கூடாது. ட, ப, ம என்று எழுத எளிய வடிவங்களில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே பிள்ளை 'படம்', 'மடம்' என்று படித்துவிடும். தன்னால் படிக்க முடிகிறது என்று அறிந்த பிள்ளை மறுநாள் தானாக வரும். அடுத்து, வகுப்பைப் பார்த்து உட்காரவைக்காதீர்கள், நிலையைப் பார்த்து உட்காரவையுங்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள் அல்லவா, அதைச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருந்த காலத்திலேயே நாங்கள் ஏணிப்படியாகச் செய்துகொண்டிருந்தோம். ஆனால், நிலையின் பெயரைப் பிள்ளையின் காதுபட உச்சரிக்காதீர்கள். 'அரும்பு' என்பது அழகான சொல்தான், நான்காம் முறை கேட்கும்போது அதுவும் வசவாகிவிடும். தினமும் நாற்பது நிமிடம் வாய்விட்டுப் படிக்கவையுங்கள். சொல்வதெழுதுதலில் ர, ற பிழைகளை அப்போதே திருத்தாமல், வாரம் ஒருநாள் மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். ல, ழ, ள மூன்றையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையொப்பம் இடுவதற்காக மட்டும் கூப்பிடாமல், பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு அவர்களுக்குப் படிப்பறிவு தேவையில்லை.

ஒரு தந்தை, திருப்பூர்

ஐயா, தங்கள் அனுபவத்துக்கு மதிப்பளிக்கிறேன். இருந்தாலும், சகோதரி எழுதிய ரகர றகரச் செய்திக்குப் பதிலாகப் பிழையை எந்த நாளில் திருத்துவது என்று தாங்கள் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தச் செருப்பைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

கடலூர்ச் சகோதரியின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊர் மையத்துக்கு நான் மூன்று முறைதான் போயிருக்கிறேன். அதை வைத்துப் பொதுவாக எழுதியது தவறு.

அந்தப் பையன் 2022 ஜூன் கடைசியில் ஊருக்குத் திரும்பி நான்காம் வகுப்பில் உட்கார்ந்தான். நான் மறுபடியும் 47 என்று பலகையில் எழுதி, நான்கின் கீழ் பத்துப் பத்தாக நான்கு வரிசையும் ஏழின் கீழ் ஏழு கொட்டையும் வைத்தேன். அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நாலு அடுக்கு, ஏழு கல்லு" என்றான். பிறகு 83 எழுதினேன், கொட்டை வைக்கவில்லை. "எட்டு அடுக்கு, மூணு கல்லு" என்றான். 'எண்பத்து மூன்று' என்று சொல்ல அவனுக்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று. அவன் சொன்ன முறையை வைத்தே மற்றப் பத்துப் பிள்ளைகளுக்கும் இடமதிப்பு நடத்தினேன்.

அடுத்த பொங்கலுக்குப் பிறகு அவன் மீண்டும் சூளைக்குப் போனான். அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருப்பதாக அவன் அம்மா தொலைபேசியில் சொன்னார். அப்படிப் போகும் பிள்ளை எதுவரை கற்றிருக்கிறது, எந்த முறையில் சொன்னால் அதற்குப் புரியும் என்று ஒரு தாளில் எழுதிப் புத்தகப் பையில் வைத்து அனுப்பும் பழக்கத்தை அதற்குப் பிறகு தொடங்கியிருக்கிறேன். சூளைகளின் அருகிலுள்ள பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால், அந்தத் தாள்கள் உங்கள் கைக்கு வருகின்றனவா, அவற்றில் வேறு என்ன எழுதினால் உங்களுக்கு உதவும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.