நீலகிரியில் விலங்குப் பட முத்திரை எங்கே குத்துகிறார்கள்?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நம் மலையின் வரையாடு, கருமந்தி, நீலகிரி சிரிப்பான் பறவை, காட்டெருமை, இவற்றில் எதுவாவது உள்ள பட அஞ்சல் முத்திரைகளை, அதாவது தபால் நிலையத்தில் தபால்தலை மேல் மையால் குத்தும் படம் உள்ள முத்திரைகளைத் தேடுகிறேன். விழா, கண்காட்சிக்கு ஒரு நாள் மட்டும் குத்தும் சிறப்பு முத்திரை வேண்டாம். குறிப்பிட்ட தபால் நிலையத்தில் எல்லா வேலை நாளும் கிடைக்கும் நிரந்தரப் பட முத்திரைதான் வேண்டும்.

ஊட்டி, குன்னூர், கூடலூர், மசினகுடி பக்கம் இருப்பவர்கள் உங்கள் தபால் நிலையக் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா? முத்திரையில் என்ன படம், எந்த நேரத்தில் குத்தித் தருவார்கள் என்பது தெரிந்தால் போதும்.

இன்னொன்று. வரையாடு நம் மாநில விலங்கு என்பதால் அதை வைத்து மேக்ஸிமம் கார்டு எனும் சேகரிப்புப் பட அட்டை ஒன்று செய்ய ஆசை. அட்டையின் படம், தபால்தலை, முத்திரை மூன்றும் ஒரே விஷயமாக இருக்க வேண்டும். தபால்தலையைப் படப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். வழவழப்பான அட்டையில் மை காயாமல் இழுவிவிடுகிறது, அதனால் பளபளப்பில்லாத வரையாட்டுப் பட அட்டை விற்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.

யாராவது நேரில் போய்க் குத்தி வாங்கித் தருவதானால் தபால்தலை ஒட்டிய அட்டைகளையும், என் முகவரி எழுதிய உறையையும் அனுப்பிவிடுகிறேன். முத்திரை குத்திய அட்டைகளை அந்த உறைக்குள் வைத்து அனுப்புங்கள். அட்டையாகவே தபாலில் போட்டால் வழியில் இன்னொரு முத்திரை விழுந்து படம் கெட்டுவிடும். பதிலுக்கு என்னிடம் கூடுதலாக இருக்கும் பறவைத் தபால்தலைகளைத் தருகிறேன்.