மறு: பிசிபி, கிரவுண்டு, வியா – குட்டி ட்ரோன் கட்டுற பசங்களுக்கு என்ன சொல் குடுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

ட்ரோன் வேலைல வர்ற இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் தமிழ் சொல் போட்டு டர்பன் தம்பி அனுப்பின பட்டியலைப் பாத்தேன். நல்ல உழைப்பு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா இந்த சொல்லையெல்லாம் இங்க மொரிஷியஸ் ரோஸ் ஹில்ல சனிக்கிழமை வகுப்புல பசங்க முன்னாடி சொன்னா என்ன ஆகும்னு ஒவ்வொண்ணா வாய்விட்டு சொல்லிப் பாத்துட்டுத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

> பிசிபி = அச்சிடப்பட்ட மின்சுற்றுப் பலகை. சுருக்கமா அச்சுச் சுற்றுப்பலகை. அகராதியிலயே இருக்கே அண்ணா, புதுசா எதுக்கு?

இருக்கு தம்பி. ஒரு பிசிபியைத் தனியா மேசை மேல வச்சுட்டு இதுக்கு பேர் என்னன்னு கேட்டா அந்த சொல் போதும். அதை ஒரு ட்ரோனுக்குள்ள கொண்டு போனா தான் சிக்கல். நாங்க கட்டுறது உள்ளங்கை அளவு சாமான்: மூளையா ஒரு ஈஎஸ்பி32 சிப்பு, ஒரு எம்பியூ 6050 உணரி, 7 மில்லிமீட்டர் குறுக்களவுல நாலு சின்ன மோட்டார், ஒவ்வொரு மோட்டாருக்கும் சுவிட்ச் மாதிரி ஒரு மாஸ்ஃபெட், ஒத்தை செல் லித்தியம் பேட்டரி, அவ்வளவுதான். இதுல எம்பியூ 6050 என்ன பண்ணுதுன்னா மூணு அச்சுல சுழற்சி வேகத்தையும் அதே மூணு அச்சுல முடுக்கத்தையும் அளக்குது, அதனால அதை ஆறு அச்சு உணரின்னு சொல்லிக் குடுக்குறோம். ஆக அச்சுன்னா எக்ஸ் ஒய் இசட்டுன்னு பசங்க மனசுல பதிஞ்சாச்சு. மோட்டார்ல விசிறி மாட்டுற கம்பியையும் அச்சுன்னுதான் சொல்றாங்க. சுற்றுன்னாலோ மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுத்துதுங்கறது. இப்போ நீங்க போய் "அச்சுச் சுற்றுப்பலகைய எடு"ன்னு சொன்னீங்கன்னா அந்தப் புள்ள எதை எடுக்கும்? "எக்ஸ் அச்சுல சுற்று தப்பா காட்டுது, அச்சுச் சுற்றுப்பலகைல சுற்று எங்கயோ விட்டுப் போயிருக்கு"ன்னு ஒரே மூச்சுல ஒருதடவை சொல்லிப் பாருங்க தம்பி, நமக்கே தலை சுத்தும்.

இங்கிலீஷ்ல இந்த சிக்கல் கிடையாது, அவங்களுக்கு பிரின்ட் வேற, ஆக்சிஸ் வேற, சர்க்யூட் வேற, ரொட்டேஷன் வேற. நம்மகிட்ட வந்து சேரும்போதுதான் நாலும் ரெண்டா ஒட்டிக்குது. அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு சொல்லு அதோட இங்கிலீஷ் மூலத்துக்குப் பொருந்துதான்னு பாக்கறத விட, அதே வேலையில பக்கத்துல நிக்குற மத்த தமிழ் சொல்லோட மோதுதான்னு பாக்கணும். தனிச்சொல்லா சோதிக்காதீங்க, அது புழங்கப் போற வாக்கியத்துல வச்சு சோதிங்க.

இன்னொண்ணு, அச்சிடறதுங்கற வார்த்தையே இப்போ வேலைக்குப் பொருந்தல. 1936 வாக்குல வியன்னாக்காரர் பால் ஐஸ்லர் லண்டன்ல ஒரு ரேடியோவுக்குள்ள இதைப் பண்ணினப்போ அச்சுத் தொழில்ல இருந்த முறைய எடுத்துத்தான் பண்ணினார், அந்தப் பேரு அப்படியே நின்னுடுச்சு, அவருக்கு அது நியாயமான பேரு. நம்ம பசங்க கண்ணால பாக்கறது வேற. கண்ணாடி நாரும் எப்பாக்சியும் சேந்த தகடு, மேல 35 மைக்ரான் செம்பு, வேண்டிய கோட்டை மறைச்சுட்டு பெரிக் குளோரைடுல போட்டா மத்ததெல்லாம் கரைஞ்சு போயிடும். மையை ஏத்தறதுக்கு நேர் எதிர் வேலை இது, இருக்கறத அரிச்சு எடுக்கறது.

என்னோட சொல்: தடப்பலகை. தடம் இருக்கற பலகை. செம்புக் கோட்டுக்கு தடம்னு பேர் வச்சாச்சுன்னா மத்தது தானா வரும். இங்க பசங்க வீட்ல பேசுறது கிரியோல், பள்ளிக்கூடத்துல பிரெஞ்சும் காதுல விழுது, பிரெஞ்சுல இந்தக் கோட்டுக்கு "பீஸ்த்"ன்னு பேரு, அதுவும் தடம்தான். "தடம் அறுந்துடுச்சு", "தடத்தை அகலமாக்கு", "இந்த ரெண்டு தடமும் ஒட்டிக்கிச்சு" – எல்லாம் சொல்லிப் பாத்தேன், எங்கயும் இடறல. மோட்டாருக்குப் போற தடம் ரெண்டு மில்லிமீட்டருக்குக் குறையாம இருக்கட்டும், உணரிக்குப் போற தடம் கால் மில்லிமீட்டர் போதும்னு சொன்னா ஏன்னு கேக்காமலே பாதி பேருக்குப் புரியும், நிறைய மின்சாரம் போற வழி அகலமா இருக்கணும்.

> கிரவுண்டு = புவி இணைப்பு

இதுக்குத்தான் சிரிச்சேன் தம்பி, கோச்சுக்காதீங்க. பறக்குற சாமானுக்குள்ள புவி இணைப்பு எங்கேந்து வரும்? வீட்டு மூணு முள் பிளக்குல இருக்கறது நிஜமாவே மண்ணுக்குள்ள போற கம்பி, அதுக்கு புவி இணைப்பு சரி. பேட்டரியோட மைனஸ் முனை மண்ணைப் பாத்ததே இல்ல. தரைன்னு வைக்கவும் முடியாது, ட்ரோன்காரங்களுக்கு தரைன்னா இறங்குற இடம், "தரைக்கு வந்துடுச்சு"ன்னா ஒருத்தன் பேட்டரியக் கழட்டுவான் இன்னொருத்தன் மல்டிமீட்டரை எடுப்பான். பிரெஞ்சுக்காரங்க இதுல தெளிவு, மண்ணுக்குப் போறது "தேர்", சர்க்யூட்டுக்குள்ள எல்லாரும் வந்து சேர்ற புள்ளி "மாஸ்", ரெண்டும் வேற வேற. நாமளும் பிரிச்சு வைக்கலாமே. பொதுன்னு சொன்னா போதும். கோடா ஓடினா பொதுத்தடம், பலகையோட ஒரு பக்கம் முழுக்க செம்பா விட்டா பொதுப்பரப்பு.

இது வெறும் பேர் விஷயம் இல்லன்னு ஏன் சொல்றேன்னா, எங்க பசங்க போட்ட முதல் வரைபடத்துலயே இது வந்துச்சு. நாலு மோட்டார்ல இருந்தும் திரும்பி வர்ற மின்னோட்டமும் உணரில இருந்து திரும்பி வர்றதும் ஒரே மெல்லிசான தடத்துல ஓடுச்சு. மோட்டார் வேகம் எடுத்ததும் அந்தத் தடத்துலயே கொஞ்சம் மின்னழுத்தம் விழுந்துடும், உணரி தன்னோட பூஜ்யம்னு நெனச்சுட்டு இருக்கறது பூஜ்யமா இருக்காது. "புவி"ன்னு சொல்லிக் குடுத்திருந்தா அது எப்பவும் பூஜ்யம்தானேன்னு நிப்பாங்க. "பொது"ன்னு சொன்னதும் ஒரு பொண்ணு அவளா கேட்டா, பொதுன்னா எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா நெரிசல் ஆகாதான்னு. சரியாப் புடிச்சுட்டா. பேட்டரி பக்கத்துலயே மோட்டாருக்குத் தனியா அகலமான வழி விட்டு, உணரியோட வழிய வேற பக்கமா கொண்டு வந்தாங்க.

அதே பசங்க வச்ச இன்னொரு சொல்லும் இங்க சொல்லிடறேன். முழு சார்ஜுல பேட்டரி 4.2 வோல்ட், நாலு மோட்டாரும் ஒண்ணாக் கிளம்பினா சட்டுனு கீழ இறங்கும், ஈஎஸ்பி32க்கு வேண்டிய 3.3 வோல்ட் கிடைக்காமப் போனா அது தன்னையே அணைச்சு மறுபடி ஆரம்பிக்கும். பிரவுன்அவுட்னு சொல்றாங்கல்ல, பசங்க அதை "மயங்கிடுச்சு"ன்னாங்க. பட்டியல்ல "குறைமின்னழுத்த மீட்டமைவு"ன்னு இருக்கு. மின்மயக்கம்னு போடுங்க தம்பி, அடுத்த மெயில் வரைக்கும் கூட யோசிக்க வேண்டாம்.

> வியா = துளை

பலகைல மூணு விதமா ஓட்டை இருக்கு. திருகாணி போட ஒண்ணு, மோட்டார் கம்பி நுழைஞ்சு ஈயம் வைக்க ஒண்ணு, மேல் தடத்தையும் கீழ் தடத்தையும் சேக்க ஒண்ணு. மூணையும் துளைன்னா கடைசில தப்பான ஓட்டைல திருகாணிய முடுக்குவாங்க. முதல் ரெண்டும் துளையாவே இருக்கட்டும். மூணாவதுக்கு புழைன்னு ஒரு பழைய சொல் இருக்கு, கோட்டைச் சுவர்ல இருக்கற சின்ன வாசலுக்கு அந்தப் பேரு, யானைத் தும்பிக்கைக்கும் புழைக்கைன்னு பேரு. உள்ள குழாய் மாதிரி வழி போற கை. வியாவும் உள்சுவர்ல செம்பு பூசின குட்டிக் குழாய்தான். ரொம்ப சங்க காலமா இருக்குன்னு தோணினா ஊடுதுளைன்னு வச்சுக்கலாம், எனக்கு ரெண்டும் ஓகே, ஆனா மனசு புழைப் பக்கம்தான்.

அடுத்தது சுருக்கமா. கிளாக்வைஸ், ஆன்டி கிளாக்வைஸ் ரெண்டுக்கும் கடிகாரத்தை இழுக்க வேண்டாம், வலஞ்சுழி இடஞ்சுழி இருக்கு. எதிரெதிர் மூலைல இருக்கற ரெண்டும் வலஞ்சுழி, மத்த ரெண்டும் இடஞ்சுழி, முடிஞ்சுது. ட்ரோன் ட்ரோனாவே இருக்கட்டும். தம்பி இருக்கற தென்னாப்பிரிக்காவுல 2015ல ட்ரோனுக்கு பார்ட் 101 விதி வந்ததுல இருந்து கவர்மென்ட் காகிதத்துல ஆர்பிஏஎஸ்னுதான் (தூரத்துல இருந்து ஓட்டுற விமானம்னு அர்த்தம்) எழுதுறாங்க, ஆனாலும் டர்பன்ல யாராவது வாயால அப்படிச் சொல்றாங்களா என்ன?

> பலகையே உடம்பா இருந்தா அதுக்கு என்ன சொல்றது? பிசிபி ஃபிரேம் = அச்சுச் சுற்றுப்பலகைச் சட்டகம்?

உடற்பலகை. நாலு கையும் பலகைலயே வெட்டி எடுத்தது, தனிச் சட்டகம்னு ஒண்ணு கிடையாதே. மெய்ப்பலகைன்னு ஒருத்தர் சொன்னார், அழகாத்தான் இருக்கு, ஆனா நம்ம வகுப்புல மெய்ன்னா க் ங் ச்னு ஆரம்பிச்சுடுவாங்க. இந்த உடற்பலகைல தடிமன் ஒரு பெரிய விஷயம்: பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பலகை 1.6 மில்லிமீட்டர் தடிமன்ல கிட்டத்தட்ட 30 கிராம் வரும், இந்த சைஸ் மோட்டாருக்கு அது மட்டுமே பெரும் பாரம். வேண்டாத இடத்தை வெட்டி எடுத்துட்டு 0.8 மில்லிமீட்டருக்குப் போனா எடை குறையும், ஆனா கை மெல்லிசாகி அதிரும், அந்த அதிர்வை உணரி ஆட்டம்னு நெனச்சு மோட்டாரைத் திருத்திக்கிட்டே இருக்கும். நாங்க 1 மில்லிமீட்டர்ல வச்சிருக்கோம். தென்கிழக்குக் காத்து அடிக்குற மாசத்துல இதை வெளிய விடவும் முடியாது, ஹாலுக்குள்ளதான்.

சொல்லுங்க எல்லாரும்.

———

தம்பி,

ரோஸ் ஹில் தம்பிக்குத்தான் எழுதுறேன், பிரெஞ்சு பேசுற ரியூனியன்ல இருந்து அக்கா. மாஸ் தேர் விஷயம் நூத்துக்கு நூறு, எங்க பசங்களும் அப்படித்தான் சொல்றாங்க, பொது எனக்குப் புடிச்சிருக்கு. மின்மயக்கத்துக்கு ரெண்டு கையையும் தூக்குறேன்.

ஆனா உன் சோதனைய உன் சொல்லுக்கே வச்சுப் பாத்தியா? பலகை வரையற கைகேட் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு ஃபுட்பிரின்ட் வைக்கணும், பிரெஞ்சு கைகேட்ல அது எம்ப்ரேந்த். நம்ம பட்டியல்ல அதுக்கு ஏற்கனவே "காலடித்தடம்"னு எழுதி வச்சிருக்கு. "சிப்போட தடத்துக்குத் தடம் போய்ச் சேரல"ன்னு உன் பசங்க சொல்லப் போறாங்க பாரு. அப்புறம் ட்ரோன் பறந்து போன வழிய ஜிபிஎஸ்ல பாக்கறவங்க அதையும் தடம்னு சொல்லுவாங்க. அச்சுக்கு வந்த அதே வியாதி. கம்பிக்கோடுன்னு வச்சுக்கலாமா? புழை எனக்கு ஒத்து வரல, எங்க பக்கம் ழ சொல்ற புள்ளைங்க கம்மி, புளைன்னு ஆயிடும். ஊடுதுளைக்கு என் ஓட்டு.

———

அக்கா,

நல்ல அடி. பறந்த வழி பெரிய சிக்கல் இல்ல, எங்க குட்டி ட்ரோன்ல ஜிபிஎஸ்ஸே கிடையாது, இருக்கறவங்களுக்கும் பாதைன்னு நல்ல சொல் இருக்கு. ஃபுட்பிரின்ட் தான் நிஜமான மோதல். கம்பிக்கோடு வேண்டாம்க்கா, கம்பின்னு ஒண்ணு தனியா இருக்கு, மோட்டார்ல இருந்து வர்றது அதுதான். நான் தடத்தை செம்புக்கே வச்சுட்டு காலடித்தடத்தைத் தூக்கிடலாம்ன்றேன். ஃபுட்பிரின்ட்டுன்னா என்ன, ஒரு சிப்பு வந்து உக்கார்ற இடம். இருக்கைன்னு சொல்லலாமே. "இந்த சிப்போட இருக்கை சின்னதா இருக்கு", "இருக்கைக்குத் தடம் வரல", "இருக்கைய தப்பா எடுத்துட்டேன், கால் எண்ணிக்கை வேற" – மோதலே இல்ல. புழைய விட்டுத் தர்றேன், ழ விஷயத்துல இங்கயும் அதே கதைதான்.

அவசரம் எதுக்குன்னா அடுத்த பலகைய சீனாவுக்கு அனுப்பப் போறோம், குறைஞ்சது அஞ்சு எடுக்கணும், மேல வெள்ளை மைல எழுதுற எழுத்து எல்லாத்தையும் இந்த தடவை தமிழ்ல போடலாம்னு இருக்கோம். கைகேட் 7ல இருந்து கம்ப்யூட்டர்ல இருக்கற தமிழ் எழுத்துருவையே எடுத்துக்குது, கொம்பும் சுழியும் இடம் மாறாம வருது. நம்ம ரூபா நோட்டுல தமிழ் இருக்கறப்போ பலகைல இருக்கக் கூடாதா என்ன. ஒரே சங்கடம், எழுத்து ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ போனா ணவும் னவும் ஒரே புள்ளியாக் குழைஞ்சுடும், ரெண்டு மில்லிமீட்டராவது வேணும், அப்போ நீளமான சொல்லுக்கு இடமே இல்ல. பொது, வலஞ்சுழி, இடஞ்சுழி மூணும் உறுதி. மோட்டார் பக்கத்துல வலம், இடம்னு ரெண்டு மூணு எழுத்தா வெட்டிக்கவும் முடியும், ஆனா அது இடதுபக்க மோட்டார்னு படிச்சுடுவாங்களோன்னு ஒரு சந்தேகம் இருக்கு, இதுக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்க. டர்பன் தம்பி, பட்டியலைத் திருத்தி அனுப்பினீங்கன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபைல் போயிடும்.